இரண்டு பையன்கள், ஒரு மாமியார், ஊட்டி மலை ரயில்: ஐந்து மணி நேரம் தாங்குமா?

தாம்பரத்து அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஏழு வயதில் ஒருவன், நான்கு வயதில் ஒருவன் என இரண்டு பையன்கள். காலாண்டு விடுமுறையில் ஊட்டிக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயிலில் ஊட்டி வரை போவது என் கணவரின் திட்டம். யுனெஸ்கோ 2005-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் அது என்பதையும், அதில் பிள்ளைகளை ஏற்றாமல் வளர்ப்பது பெற்றோருக்கு அழகல்ல என்பதையும் அவர் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்று படித்ததிலிருந்து எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயிலில் போகும்போதே சின்னவன் ஒவ்வொரு நிலையத்திலும் "வந்துவிட்டதா?" என்று கேட்பான், அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் பையில் என்ன பலகாரம் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவான்.

என் கவலை மிகையானது என்று நினைப்பவர்களுக்காக மாமல்லபுரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே சரிவான பாறையின்மேல் உருண்டு விழப்போவதுபோல் நிற்கிறதே, சுமார் 250 டன் எடை இருக்கும் என்று சொல்கிறார்களே, அந்த வெண்ணெய் உருண்டைப் பாறையின் நிழலில் என் மாமியார் முழங்கால் வலிக்குச் சற்று ஓய்வாக உட்கார்ந்தார். வெயில் நேரத்தில் அங்கே எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் சின்னவன் பாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊரைக் கூட்டும்படி அழுதான். பெரியவனோ அழாமல், பாறைக்குக் கீழே போய் நின்று இரண்டு கைகளையும் மேலே ஊன்றிக்கொண்டான். தான் கையை எடுத்தால் பாட்டி நசுங்கிவிடுவார் என்று உறுதியாக நம்பியதால், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம் என்பதால் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் அவனைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அவன் மட்டும் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். "முதலில் பாட்டியை எழுப்புங்கள், பிறகு வருகிறேன்" என்று அவன் சொன்னதற்கு, "நான் இப்போதுதான் உட்கார்ந்தேன்" என்று என் மாமியார் பதில் சொல்ல, எங்கள் மதிய உணவு வெகுநேரம் தள்ளிப்போனது. காவலாளியிடம் போய், "ஒரு செங்கல்லாவது வைத்து முட்டுக்கொடுங்கள், மாமா" என்று சின்னவன் மன்றாடியது தனிக்கதை.

இந்தக் குழுவை வைத்துக்கொண்டு மலை ரயிலில் முழுத் தூரமும் போகலாமா? பெட்டியில் கழிப்பறை கிடையாது என்கிறார்களே, அது உண்மையா? நான்கு வயதுப் பையனுக்குச் சீட்டு எடுக்க வேண்டுமா? போய்வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேட்டுப்பாளையத்துத் தாத்தா எழுதியது:

அம்மா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ரயிலின் ஊதல் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் என் வீடும் இருக்கிறது. ஆகவே என் பேச்சில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுத் தூரமும் போங்கள். பையன்களுக்கு என்றே அமைந்த ரயில் அது. பொம்மையைப்போல் அழகாக இருப்பது அதற்குக் காரணம் அல்ல. அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் காரணம். மற்ற ரயில்களில் எஞ்சின் எங்கோ முன்னால் இருக்கும்; நாம் உள்ளே உட்கார்ந்திருப்போம். இங்கே மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு போகும். அதாவது, எப்போதும் பள்ளத்தின் பக்கமாகவே நிற்கும். ஏன் என்று உங்கள் பெரியவன் கேட்பான். ஒருவேளை இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே ஓடிவிடாமல் எஞ்சின் தடுத்துக்கொள்ளும் என்று சொல்லுங்கள். பாறையைக் கையால் தாங்கியவனுக்கு அது உடனே விளங்கிவிடும்.

கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம்தான். அங்கிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி வரும்படி அவற்றை மாற்றி அமைத்திருப்பதால், எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் ஏதாவது ஒரு பல்லை எப்போதும் கவ்விக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 12 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறுகிற சரிவு அது. வெறும் சக்கரத்தை நம்பினால் வழுக்கிவிடும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, எஞ்சின் ஊதுகிற ஊதலைக் கேட்டுக் கையால் பிரேக்கைச் சுழற்றுவார், பச்சைக்கொடியும் காட்டுவார். என் பேரன்கள் ஊட்டியில் பார்த்த பூக்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தபின் அந்தப் பிரேக்காரரைப்போல் குளியலறைக் குழாயை முறுக்கி முறுக்கி விளையாடி, கடைசியில் அதைக் கழற்றியே விட்டார்கள்.

அவர்களில் சின்னவனுக்கு அப்போது முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்குப் பல் இருக்கிறது என்று நான் விளக்கியதும், "அதற்கும் விழுந்து முளைக்குமா, தாத்தா?" என்று கேட்டான். தேய்ந்தால் மாற்றுவார்கள் என்று சொன்னேன். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்காக நின்றபோது வடையைக் கடித்தான்; பல் வடையோடு வந்துவிட்டது. நம் வீடுகளில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரையின்மேல் எறிவது வழக்கமல்லவா? கூரை வேண்டும் என்று அடம்பிடித்தான். நிலையக் கட்டடத்தின் கூரையைக் காட்டினேன். சாணிக்கு எங்கே போவது? வடையின் மாவிலேயே உருட்டி எறியலாம் என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். எறிந்த வடை கூரையை எட்டவில்லை. நடைமேடையில் நின்ற பெரியவர் ஒருவரின் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு, "மேலே குரங்கு இருக்கிறதா?" என்று அண்ணாந்து பார்த்தார். இருக்கிறது என்று நானும் சொல்லிவைத்தேன். அங்கே எப்போதும் குரங்குகள் இருப்பதால் அது பொய்யும் அல்ல.

கழிப்பறை விஷயம் உண்மைதான். பெட்டிக்குள் கிடையாது. ஹில்குரோவிலும் குன்னூரிலும் இறங்கிப் போய்க்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் ஏறுவதற்கு முன் இரண்டு பேரையும் கட்டாயம் அழைத்துப்போங்கள், "எனக்கு வரவில்லை" என்ற வாக்குமூலத்தை ஏற்காதீர்கள்.

மூன்று பையன்களின் தாய், திருப்பூர், எழுதியது:

ஐயா சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தாத்தாவாகப் போயிருக்கிறார். நான் அம்மாவாகப் போயிருக்கிறேன். பிரேக்காரரைப் பார்ப்பது அவர்கள் வேலை, வடை பொட்டலத்தையும் பால் புட்டியையும் பார்ப்பது நம் வேலை.

சகோதரி கேட்ட சீட்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். சீட்டு இல்லையென்றால் இருக்கையும் இல்லை என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைக்கும். நான்கு வயதுப் பையன் ஐந்து மணி நேரமும் உங்கள் மடியில் இருப்பான். அந்தப் பெட்டிகள் சிறியவை. எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள், எதிரில் இருப்பவரின் முழங்காலும் நம் முழங்காலும் ஏறக்குறைய உரசிக்கொள்ளும். சீட்டுக்குக் காசு கொடுத்து அவனுக்கும் ஓர் இருக்கை வாங்கிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அப்போதும் அவன் உங்கள் மடியில்தான் உட்காருவான். ஆனாலும் பையை வைப்பதற்கு இடம் கிடைக்கும்.

அடுத்தது ஜன்னல். இரண்டு பையன்கள் என்றால் இரண்டு ஜன்னல்கள் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தாலும், "அவன் பக்கத்தில் அருவி வருகிறது, என் பக்கத்தில் வெறும் பாறைதான் வருகிறது" என்று சண்டை வரும். வழியில் 16 சுரங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ரயில் நுழையும்போது பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தும். அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டுச் சண்டை கத்தலால் வந்ததல்ல, எண்ணிக்கையால் வந்தது. பெரியவன் 12 என்றான், நடுவிலவன் 13 என்றான். ஒரு சிறிய சுரங்கத்தில் நுழைவதும் வெளிவருவதும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பது வழக்கு. நடுவராக அமர்த்தப்பட்ட என் மாமனார் அந்தச் சமயத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் "பன்னிரண்டரை" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று இரவு வரை வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

குரங்கைப் பற்றி ஐயா மிகச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். அதற்கு நியாயமான இடம் கொடுக்கப்பட வேண்டும். ஹில்குரோவில் இறங்கியதும் என் மூன்று பையன்களும் தலையில் மங்கி குல்லா அணிந்திருந்தார்கள். குளிர் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் ஊட்டி என்றாலே குல்லா என்று என் மாமியார் மேட்டுப்பாளையத்திலேயே மாட்டிவிட்டிருந்தார். ஒரு குரங்கு வேலியிலிருந்து எட்டிப் பெரியவனின் குல்லாவை உருவிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் பதறினோம். நடுவிலவன் பதறவில்லை. குல்லா வியாபாரியும் குரங்குகளும் கதையை அவனுக்கு நானே எத்தனையோ இரவுகளில் சொல்லித் தூங்கவைத்திருக்கிறேன். "எல்லாரும் சும்மா இருங்கள், எனக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு, தன் குல்லாவைக் கழற்றி மரத்தின்மேல் இருந்த குரங்கின் கண் முன்னால் ஓங்கித் தரையில் எறிந்தான். அது தன்னிடம் இருந்ததை எறியவில்லை. பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த இன்னொரு குரங்கு வந்து, தரையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போயிற்று. அவனுக்கு அதிர்ச்சியைவிட அவமானம் அதிகம். "இந்தக் குரங்குகளுக்குக் கதை தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் குல்லாவை நோக்கிக் கை நீட்டினான். நல்லவேளையாக என் கணவர் இடையில் புகுந்து பிடித்துக்கொண்டார். முதல் குரங்கு குல்லாவைக் கடித்துப் பார்த்து, தின்னத் தகுந்தது அல்ல என்று கண்டு தண்டவாளத்தில் போட்டுவிட்டது. எடுக்கப் போவதற்குள் ரயில் ஊதிவிட்டது.

அதனால் கையில் தின்பண்டத்தோடு யாரும் நடைமேடையில் நிற்கக் கூடாது. குரங்குக்குத் தீனி போடுவதை வனத்துறை தடை செய்திருக்கிறது என்பதைச் சின்னவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது. அவனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அவனாகவே கூப்பிட்டு விருந்து வைத்துவிடுவான் போலிருக்கிறது.

என் முடிவு இதுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை சாலை வழியாகப் போய்விட்டு, குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் மலை ரயிலில் போங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரயிலில் போன பெருமையும் கிடைக்கும், புத்தியும் நிலையில் இருக்கும்.

குன்னூர்க்காரன் எழுதியது:

திருப்பூர் அக்காவின் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டரை என்ற தீர்ப்பை இனி எங்கள் வீட்டிலும் பயன்படுத்துவதாக இருக்கிறோம். ஆனால் அக்காவின் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவதாக, நீராவி எஞ்சினும் பற்சட்டமும் குன்னூரோடு முடிந்துவிடுகின்றன. இங்கே நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரை போகும் பாதை பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அந்த அழகு பெரியவர்களுக்கானது. ஏழு வயதுப் பையனுக்கு வேண்டிய புகை, ஊதல், பல், தண்ணீர்த் தொட்டி, குரங்கு எல்லாம் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. அதைச் சாலையில் கடந்துவிட்டு மேல்பகுதியில் ரயில் ஏறினால், திருவிழாவுக்குப் போய்த் தேரைப் பார்க்காமல் கடைத்தெருவை மட்டும் சுற்றிவிட்டு வந்த கதையாகிவிடும்.

இரண்டாவதாக, சாலைப் பயணம் சுலபம் என்று நினைப்பது தவறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உட்காதின் சமநிலை உறுப்பு "நாம் சுழல்கிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். வண்டியின் உட்புறத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் "அசையாமல் இருக்கிறோம்" என்று சொல்லும். இந்த முரண்பாட்டில் வயிறு கலங்கும். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். மலை ரயிலோ சராசரியாக மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதில் குமட்டல் வருவது அரிது.

என் தங்கை குடும்பத்தோடு வேனில் மேலே வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பர்லியாறு தாண்டியதும் அவளுடைய மூத்த பையன், "எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, நான் பெரிய பையன்" என்று அறிவித்துவிட்டு, அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளியாகவே வாந்தி எடுத்தான். அதைப் பார்த்த இரண்டாமவன் எடுத்தான். மூன்றாமவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. "எல்லாரும் எடுக்கிறார்கள், எனக்கு மட்டும் வரவில்லை" என்று குன்னூர் வரும்வரை அவன் அழுதுகொண்டே வந்தான். வண்டியில் வரத்தான் வேண்டும் என்றால் முன் இருக்கையில், தொலைவில் இருக்கும் மலையைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். வயிறு முட்டப் புரோட்டாவைக் கொடுத்து ஏற்றாதீர்கள், கைப்பேசியையும் கொடுக்காதீர்கள்.

ஆகவே இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வழி சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுங்கள், குன்னூரில் இறங்கிவிடுங்கள். பத்தரை மணியளவில் வந்துவிடுவீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கக்கூடிய எல்லை அதுவரைதான். அதற்குமேல் அவர்கள் தூங்குவார்கள், அல்லது தூங்காமல் மற்றவர்களையும் தூங்கவிட மாட்டார்கள். நிலையத்திலேயே எஞ்சினைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சிம்ஸ் பூங்காவுக்குப் போகலாம். 1874-இல் அமைத்த பழைய பூங்கா அது. சரிவாக இறங்கும் இடம் என்பதால் பையன்கள் புல்வெளியில் உருளுவார்கள், உருளட்டும். உங்கள் மாமியார் மேலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வது நல்லது. கீழே இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். மாலையில் ஊட்டிக்குப் பேருந்தில் போய்விடலாம், 19 கிலோமீட்டர்தான்.

இன்னும் சில விஷயங்கள். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவதாக இருந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருபவர்களுக்கு அது தேவையில்லை. இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அதில் அடங்கும். எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மண்சரிவு ஏற்பட்டுக் கல்லாறு-குன்னூர் பாதையில் ரயிலை நிறுத்திவிடுவது உண்டு. காலாண்டு விடுமுறை அதற்குச் சற்று முன்னால் வருகிறது என்றாலும், முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில்வேயே ரத்து செய்தால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். பையன்களுக்குச் சமாதானம் சொல்வதற்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தாம்பரத்து அம்மா எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதிவுகளையும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உரக்கப் படித்தேன். விளைவுகளைச் சொல்லிவிடுகிறேன்.

குன்னூரில் இறங்கும் யோசனையை என் கணவர் முதலில் ஏற்கவில்லை. பாரம்பரியச் சின்னத்தைப் பாதியில் விட்டு இறங்குவதா என்று கேட்டார். முழுத் தூரமும் போவதானால் சின்னவன் அவர் மடியில்தான் உட்காருவான் என்று நான் சொன்னதும், மேல்பகுதியை இன்னொரு முறை தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். அவனுக்கும் சீட்டு எடுப்பதென்று முடிவாகியிருக்கிறது.

பெரியவன் குரங்குக் கதையைக் கேட்டுவிட்டு, குல்லாவை எறிந்த பையனின் வழிமுறை சரி என்றும், எறிந்தவுடன் அதன்மேல் ஏறி நின்றிருக்க வேண்டும் என்றும் சொல்கிறான். அவன் இதைச் செய்து பார்த்துவிடுவானோ என்பதால் குல்லாக்களைப் பெட்டியின் அடியில் வைப்பதாக இருக்கிறேன். சின்னவனுக்குக் கதையில் வேறு எதுவும் பதியவில்லை. எஞ்சின் தண்ணீர் குடிக்குமா, குடித்தால் அதற்கும் அவசரமாக வருமா, வந்தால் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அதுதான் எனக்கும் மிச்சமிருக்கும் கவலை. ஹில்குரோவுக்கு முன்னாலேயே அவனுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கென்று ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் தடை என்கிறீர்கள். அடுக்களையிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, தன் கல்யாணச் சீரில் வந்த பாத்திரம் எதுவும் அந்தக் காரியத்துக்காக நீலகிரி மலை ஏறாது என்று என் மாமியார் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். இன்னொன்றும் கேட்க வேண்டும். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது; பெட்டியில் ஏறி இறங்குவது சிரமமாக இருக்குமா?

மூன்று பையன்களின் தாய், திருப்பூர், எழுதியது:

உங்கள் மாமியார் சொல்வதே சரி. பாத்திரக் கடையில் வாய் அகலமான, திருகு மூடி போட்ட சிறிய டப்பா ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன்மேல் சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள். நாடா ஒட்டுவது முக்கியம். எங்கள் வீட்டில் ஒட்டாமல் விட்டதன் பலனாக, ஊர் திரும்பியபின் யாரோ அதில் சர்க்கரை போட்டு வைத்துவிட்டார்கள். யார் போட்டது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாரம் வந்த விருந்தாளிகளுக்கும் நாங்கள் சொல்லவில்லை.

ரயிலில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் பாலோ ஜூஸோ கொடுக்க வேண்டாம்; இரண்டு இட்லி போதும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இன்னொன்று: நின்ற நிலையத்தில் கேட்டால் "இல்லை" என்பார்கள், ரயில் ஊதியதும் "அம்மா" என்பார்கள். இதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

குன்னூர்க்காரத் தம்பி சொன்ன வழி என் வழியைவிட நல்லது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் மாமனாரின் தீர்ப்பை உங்கள் வீட்டில் பயன்படுத்துவதைப் பற்றி அவரிடம் சொன்னேன், மிகவும் மகிழ்ந்தார். அந்தச் சுரங்கம் பாதிதான் இருந்தது என்று இப்போது விளக்கமும் கொடுக்கிறார்.

மேட்டுப்பாளையத்துத் தாத்தா எழுதியது:

முழங்கால் விஷயம் பற்றிச் சொல்கிறேன், அம்மா. மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது அவசரம் இருக்காது. நேரத்தோடு வந்துவிட்டால் நிதானமாகக் கையைப் பிடித்து ஏற்றிவிடலாம். இடைநிலையங்களில் அவர் இறங்க வேண்டாம். நடைமேடை தாழ்வாக இருக்கும், ரயில் நிற்கும் நேரமும் குறைவு. பாட்டி பெட்டியில் இருந்தால் பைகளுக்கும் காவல் கிடைக்கும். கால் நீட்டி உட்காரும் வசதி முதல் வகுப்பில் சற்று அதிகம்; அந்தப் பெட்டி ஏறும்போது ரயிலின் முன்முனையில் இருப்பதால் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எஞ்சின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால், உங்கள் பெரியவன் முதல் வகுப்பை மறுத்துவிடக்கூடும். குடும்பத்தை இரண்டாகப் பிரித்து உட்கார வைப்பது நல்ல யோசனையல்ல. எஞ்சினை அவன் ஹில்குரோவில் ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவும் கூட ஓடட்டும்.

சின்னவனின் கேள்விக்கு விடை: எஞ்சின் குடிக்கிற தண்ணீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியாகவே வெளியே போய்விடுகிறது. அதனால்தான் வழியில் கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று மறுபடியும் குடிக்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டபின் தானும் அப்படியே செய்யலாமா என்று அவன் கேட்டால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவனுடைய அப்பா.

வெள்ளைச் சட்டை வேண்டாம், புகையும் ஈரமும் படும். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், குன்னூரில் குளிரும் என்பதால் ஸ்வெட்டரைக் கைப்பையில் மேலாக வையுங்கள். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறந்தவுடனே விடுமுறை நாள் இருக்கைகள் தீர்ந்துவிடும். குன்னூர் வரை மட்டும் போவதென்றாலும் தயங்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். நீங்கள் வரும் நாளைத் தெரிவித்தால் நானும் நிலையத்துக்கு வந்து, எஞ்சினின் அடியில் பற்சக்கரம் இருக்கும் இடத்தை உங்கள் பெரியவனுக்குக் காட்டுகிறேன். ஏழு மணிக்குள் நடைமேடையில் இருக்க வேண்டும்.